இணைச்சீர் நடந்த காலை

காலை ஏழு ஐந்து. கைப்பேசித் திரையில் முதலில் தெரிந்தது ஒரே சொல்: ‘கொடுத்தாச்சு’. அனுப்பியவர் என் கணவர். அவர் கோவையில் கருத்தரிப்பு மருத்துவமனையில் இருந்தார். நான் தொண்டாமுத்தூரில், தம்பியின் கல்யாண மண்டபத்தில்.

முந்தாநாள் ஸ்கேனில் கருமுட்டை முதிர்ந்திருந்தது. அன்று இரவே முட்டை வெளிவர ஊசி. அதிலிருந்து ஒன்றரை நாளில் கணவரின் விந்தைச் சுத்தம் செய்து, மெல்லிய குழாய் வழியாக என் கருப்பைக்குள் செலுத்துவார்கள். அதற்கு அமைந்தது கல்யாணக் காலை. இது மூன்றாவது முறை. இதற்கு மேல் இந்த ஐயூஐ முறை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

“ஒன்பதுக்குள்ள வந்துருங்க. கழுவினதை ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது,” என்று நர்ஸ் எச்சரித்திருந்தார்.

தாலிக்கு முன் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்ற சடங்கைச் செய்ய வேண்டியவள் உடன்பிறந்தவள். தம்பிக்கு அக்கா நான் ஒருத்திதான். சீரை நடத்தும் அருமைக்காரர் தாமதமாக வந்தார். வந்ததும் காபி கேட்டார். ஏழே முக்காலுக்குத்தான் தம்பியை உட்கார வைத்தார்கள். சீருக்கான பட்டுச்சேலையின் ஒரு முனை அவன் தோளில், மறுமுனை என் கையில். பிடித்த இடத்தில் பட்டு ஈரமாகிவிட்டது.

“ஏங் கண்ணு, உன்ற ஊட்டுக்காரரு எங்க?” என்றார் அத்தை.

“வயிறு சரியில்லீங்கத்தை. மாத்திரை வாங்கப் போயிருக்காருங்க.”

“சீருக்கு முன்னாடியே பந்தியில உக்காந்துட்டாராக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை தம்பி பக்கம் திரும்பினார். “டேய், உனக்குப் பொண்ணு பொறந்தா இவ பையனுக்குத்தான். சரீன்னு சொல்லு.”

எல்லா இணைச்சீரிலும் கேட்பதுதான்.

“பையன் மொதல்ல வரட்டுமுங்க,” என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

தம்பி என்னைப் பார்த்தபடியே சொன்னான்: “சரீங்கத்தை.”

எட்டு இருபதுக்குச் சீர் முடிந்தது. கார் சாவியோடு படியிறங்கிய என்னை அம்மா நிறுத்தினார்.

“அவருக்கு ரொம்ப முடியலீங்கம்மா. கூட்டிட்டு வந்தர்றேன்.”

அம்மா வழிவிட்டார். “முகூர்த்தத்துக்கு வந்துரு கண்ணு.”

கோவையில் லாலி ரோடு சிக்னலில் கார்கள் நின்றிருந்தன. பச்சை இரண்டு முறை விழுந்தும் என் முறை வரவில்லை. கணவர் இரண்டு தடவை அழைத்தார். எடுக்கவில்லை. மருத்துவமனைக்குள் நுழைந்தபோது ஒன்பது தாண்டியிருந்தது. அவர் வாசலிலேயே நின்றிருந்தார். “இன்னும் வச்சிருக்காங்க, வா.”

“கல்யாணப் பொண்ணே நீங்கதானுங்களா?” என்றார் நர்ஸ், என் பட்டுச்சேலையைப் பார்த்து.

“பொண்ணுக்கு நாத்தனாருங்க.”

“கசங்குமுங்க அம்மணி, நல்லா மேல சுருட்டிக்கங்க.”

சில நிமிட வேலைதான். பிறகு கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். கணவர் கைப்பேசியில் மண்டபத்தின் நேரலையைப் போட்டு என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். தம்பி தாலி கட்டுவதை அப்படித்தான் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு மாதவிலக்கு வந்தது. அன்று மதியம் தம்பியும் அவன் மனைவியும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள்.