அளவு தப்பிய பல்செட்

தஞ்சாவூரில் பல்லுக்கு கேப் போடப் போயிருந்தேன். ஸ்கேனரை வாய்க்குள் விட்ட டாக்டரம்மா, “அசையாதீங்க, அளவு தப்பிடும்,” என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

எட்டு வயதில் பாபநாசத்தில் ஒரு பல் டாக்டர் இதையே சொல்லக் கேட்டேன். பல்செட்டுக்கு அளவெடுக்க அப்பாவின் வாய் நிறையப் பசையை அப்பியிருந்தார்கள். அவர் கண்கள் பிதுங்கின, எச்சில் வழிந்தது. செத்துவிடுவார் என்று பயந்து, “அப்பாவ விடுங்க” என்று கதறி அப்பாவின் கையை இழுத்தேன். அப்பா என் பக்கம் திரும்பிவிட்டார்; அளவு தப்பிவிட்டது. நான் அழுததால் மறுபடி அளவெடுக்க அப்பா ஒப்பவில்லை.

அந்தப் பல்செட் கடைசிவரை பொருந்தவில்லை. சோறு மெல்லும்போதெல்லாம் டக் டக்கென்று ஆடும். நான் தட்டோடு எழுந்துபோய்விடுவேன்.

“ஸ்கேன் எப்பவோ முடிஞ்சிடுச்சுங்க,” என்றார் டாக்டரம்மா. “மூச்சு விடுங்க.”