வெளிச்சவீட்டின் பாதிப் படியில்

பரிஸ் லா சப்பலில் நான் சமைக்கும் சாப்பாட்டுக்கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்த ஒரு நாளில் வடக்குக் கடற்கரையில் உள்ள பழைய வெளிச்சவீட்டைப் பார்க்கவேண்டும் என்று மனைவி பிடிவாதமாக நின்றாள். மழை மூட்டம் இல்லாவிட்டால் அதன் உச்சியிலிருந்து இங்கிலாந்து தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கே இருக்கும் அண்ணனை அவள் பார்த்துப் பதினொரு வருடங்கள். அங்கே போக அவளுக்கு இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள்.

கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த ஊர் எனக்குப் புதிதல்ல. அவளுக்கு அது தெரியாது. போய் இறங்கியதும் நிலைய வாசலில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். பிரான்சில் இருப்பதற்கான பத்து வருட விசா அட்டை சட்டைப்பையில் இருந்தும் என் கால்கள் தாமாகவே மற்றப் பக்கம் திரும்பின.

“எங்கையப்பா போறியள்? பாதை இஞ்சாலையெல்லோ,” என்றாள்.

வெளிச்சவீட்டின் உள்ளே சுழன்று சுழன்று ஏறும் இருநூற்றுச் சொச்சம் படிகள். பாதியில் ஒரு சிறிய சன்னல். அதன் வழியே துறைமுகமும், இங்கிலாந்துக் கப்பலுக்குக் காத்து நின்ற லொறிகளும் தெரிந்தன. நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

முன்னால் போனவள் திரும்பி இறங்கி வந்தாள். “என்ன செய்யுது? நெஞ்சு நோகுதோ?”

“இல்லை. நான் முந்தி இந்த ஊரிலை இருந்தனான். உம்மைக் கட்டுறதுக்கு முதல். லண்டனுக்குப் போகவெண்டு மூண்டு தரம் லொறியிலை ஒளிச்சு ஏறி, மூண்டு தரமும் பிடிபட்டனான்.”

“பரிஸ் பிடிச்சபடியால்தான் நிண்டிட்டன் எண்டு கலியாணம் பேசேக்கை எங்கடை ஐயாவுக்குச் சொன்னியள்.”

“ஓம். சொன்னனான்.”

கோபமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த அரைவெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் எங்களை விலத்திக்கொண்டு ஏறினார்கள்.

“எழும்புங்கோ,” என்று கையை நீட்டினாள்.

உச்சியில் காற்று ஆளையே தள்ளியது. கடலுக்கு அப்பால் மெல்லிய வெள்ளைக் கோடாய்க் கரை தெரிந்தது. அவள் உடனே தொலைபேசியை எடுத்தாள்.

“அண்ணை, உங்கடை நாடு தெரியுது.”

“நான் இருக்கிற இடம் அதிலையிருந்து கனதூரம், தங்கச்சி,” என்று அவர் சிரிப்பது எனக்கும் கேட்டது. அவள் அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் கம்பியைப் பிடித்தபடி, நேரத்தைப் பார்ப்பதும் லொறிகளைப் பார்ப்பதுமாக நின்றேன்.

திரும்பும் ரயிலில் அவள், “லொறிக்குள்ளை குளிரோ?” என்று கேட்டாள்.

“ஒண்டு இறைச்சி லொறி. அதுதான் குளிர்.”

பரிஸ் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். சிலவற்றுக்குப் பதில் சொன்னேன்.