மாத்திரையின் பசி

மாத்திரை ஆரம்பித்த புதிதில் தெருவே என்னைப் பாராட்டியது. உடம்பு தேறிவிட்டதாம், முகத்தில் களை வந்துவிட்டதாம். சில மாதம் போனதும் அதே வாய்கள், இன்னா இப்படி ஊதிட்ட என்று கேட்டன. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. நான் முயலவும் இல்லை.

திண்டிவனத்தில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள் நான். பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டு வைப்போம். உடம்பு போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். அந்த வருடம் என் ரவிக்கைகளில் இருந்த உள்துணியெல்லாம் தீர்ந்துபோனது. காதுக்குள் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த குரல்களை மாத்திரை அடக்கியது உண்மை. ஆனால் கூடவே வயிற்றுக்குள் ஒரு பசியைக் குடிவைத்துவிட்டது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள் மறுபடி பசிக்கும். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம்; ஒரு படி வறுத்த மல்லாட்டை அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. தீனி வெறி என்றார்கள். ருசிக்காகத் தின்றிருந்தால் நானே ஒப்புக்கொண்டிருப்பேன்.

பரிசோதனையில் சர்க்கரை எட்டிப்பார்த்ததும் அம்மா கேப்பையைக் கையில் எடுத்தாள். சர்க்கரைக்குக் கேப்பை நல்லது என்று யாருக்குத்தான் தெரியாது? மருந்துதானே என்று காலையில் ஒரு சொம்பு கூழ், மதியம் ஒரு சொம்பு, பசித்தபோதெல்லாம் இன்னொரு சொம்பு. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது.

விழுப்புரத்தில் நான் பார்க்கும் மனநல டாக்டரம்மா, ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு வாயைக் கட்டச் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பசிய கெளப்புனது உங்க மாத்திரைங்க மேடம். வாயக் கட்டறது மட்டும் நானா?”

வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம்தான் விளக்கினார். இந்த வகை மாத்திரை சிலருக்கு வயிறு நிறைந்ததை மூளைக்குத் தெரியவிடாதாம். உடம்பில் இன்சுலின் சுரந்தாலும் அது சரியாக வேலை செய்யாமல் போகலாமாம். கேப்பையும் தானியம்தான், சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும் என்றார். மாத்திரை தொடங்கும்போதே இதையெல்லாம் சொல்லி, எடையும் இடுப்பளவும் பார்த்திருக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றுக்கு மாற்றினார், சர்க்கரைக்கும் ஒன்று எழுதினார். நீயாக மட்டும் நிறுத்திவிடாதே என்றார்.

அதை எனக்குச் சொல்லவே வேண்டாம். முன்பு ஒருமுறை நிறுத்திப் பார்த்தவள் நான். குரல்கள் திரும்பி வந்தன. கத்தரிக்கோலைக் கண்டே நடுங்கி, கடையை உள்ளே தாழிட்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே கதவைத் தட்டித் தட்டி அழுதவள் அத்தை, அப்பாவின் அக்கா.

அதே அத்தைதான், என் அண்ணன் மகளின் நிச்சயதார்த்தம் நெருங்கியபோது கெடாரிலிருந்து கிளம்பி வந்தாள். ஒரு மாதம் மாத்திரையை நிறுத்தச் சொன்னாள். அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அம்மன் காலில் விழுந்தால் போதுமாம். மாப்பிள்ளை வீட்டார் கண்ணுக்கு நான் இளைத்துத் தெரிய வேண்டுமாம்.

“மலையனூருக்கு வர்றேன் அத்தை, மாத்திரையும் எடுத்துக்கினு வர்றேன்” என்றேன். “அத நிறுத்துனா எளைப்பேன். ஆனா நிச்சயத்துல வந்து நிக்கிறது நானா இருக்க மாட்டேன்.”

நான் புதுத் துணி எடுத்து, அன்றைய இடுப்புக்கே அளவெடுத்து வெட்டினேன். எடை கொஞ்சம் இறங்கத் தொடங்கியிருந்தது, பழைய உடம்பு மட்டும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

நிச்சயத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் வந்து, தைராய்டா என்று மெல்ல விசாரித்தார். அத்தை என் தொடையைக் கிள்ளினாள்.

“இல்லீங்க. மனசுக்கு மாத்திரை சாப்புடறேன். அதுல ஏறுன ஒடம்பு.”

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எந்தம்பியும் சாப்ட்டுக்கினு இருந்தான். குண்டாயிட்டன்னு எல்லாரும் கிண்டல் பண்ணோம். நிறுத்திட்டான்” என்றார். பிறகு என்ன ஆனது என்று அவர் சொல்லவில்லை. அவர் கண்ணைப் பார்த்தபின் கேட்கவும் தோன்றவில்லை.

பந்தி முடிந்ததும் எல்லோரும் பார்க்கவே கைப்பையைத் திறந்து மாத்திரையை எடுத்தேன். தண்ணீர் டம்ளரை நீட்டியது அத்தை.