நான் வெட்டி எழுதிய வசனம்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் வந்த வினைதான் இது. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தமிழ்ச் சபையில் புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு நிறையச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம் இருக்கும். குடும்பத்துக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்தது எதுவோ, அதுதான் அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. கல்யாணம் பேசுவதா, வேலையை விடுவதா, எல்லாவற்றுக்கும் அந்த அட்டையைத்தான் பார்ப்பார்கள். அட்டைகளை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்திருந்தது.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களை நிறுத்தி, கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ரயில்வே குடியிருப்பின் கொல்லைக்கு அப்பால் தண்டவாளம். மூட்டையும் சட்டியுமாக அவர்கள் துறைமுகத்துக்குப் போவதைத் துணி காயப்போடும்போதெல்லாம் பார்ப்பேன். நான் கையசைத்தாலும் யாரும் திருப்பி அசைப்பதில்லை.

எங்கள் சபை உபதேசியாருக்கு இது போதாதா? நினிவே, பாபிலோன், தீரு என்று பிரசங்கத்தில் வாரம் ஒரு பட்டணத்தைக் கவிழ்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அழிவைப் பற்றிப் பேசினால் மட்டும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்துவிடும். தீருவின் சந்தைக்கு வந்த சரக்குகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தவர், ஈயம் என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"ஈயம் வித்த பட்டணம் கடலுக்குள்ள போயிடுச்சு. இந்த ஊர்ல எதைத் தோண்டி விக்கிறோம்?" என்றார்.

வீட்டுக்கு வந்து அவரைப் போல நடித்துக் காட்டி என் கணவரைச் சிரிக்க வைத்தேன். நானும் சிரித்தேனே தவிர, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடவுள் தேசங்களை நியாயந்தீர்க்கிறார், சரி. இங்கே ஆளுகிறவன் வெள்ளைக்காரன். மண் மலாய்க்காரர்களுடையது. நாங்கள் கப்பலில் வந்தவர்கள். தீர்ப்பு இறங்கும் நாளில் எங்களை எந்தத் தேசத்தோடு சேர்ப்பார்? நானோ கிள்ளானில் பிறந்தவள். என் அப்பா அம்மா இருவரையும் அங்கேதான் புதைத்தோம். இந்தியாவை நான் கண்ணால் கண்டதே இல்லை.

டிசம்பரில் எஞ்சின் ஷெட்டிலும் ஆள்குறைப்பு வந்தது. ஃபிட்டர் வேலையில் இருந்த இரண்டு தமிழரில் ஒருவர் போயாக வேண்டும். ஒருவர் என் கணவர், மற்றவர் பக்கத்து வீட்டுக்காரர். ஜனவரி முடிவதற்குள் யாராவது தாமாகப் பெயர் கொடுத்தால் அவர் குடும்பத்துக்குக் கப்பல் சீட்டு கிடைக்கும். இரண்டு பேரும் கொடுக்காவிட்டால், பின்னால் வேலைக்குச் சேர்ந்தவரை அனுப்பிவிடுவேன் என்று துரை சொல்லிவிட்டார். பின்னால் சேர்ந்தவர் என் கணவர்.

பக்கத்து வீட்டுப் பெண் என்னைவிட நாலைந்து வயது இளையவள். அப்போது முழுகாமல் இருந்தாள்.

"ஊருக்குப் போறதா, இங்கயே இருக்கறதான்னு ஒண்ணும் புரியலக்கா. புத்தாண்டு அட்டையில கர்த்தர் என்ன சொல்றாரோ, அதான்" என்றாள்.

உபதேசியாரின் மனைவி கொடுத்த பட்டியலை எழுதி முடித்த பிறகும் சில வெற்று அட்டைகள் மிஞ்சின. நானே வேதத்தைப் புரட்டினேன். ஒரு தீர்க்கதரிசி எழுதிய பகுதி கண்ணில் பட்டது. தேசம் அழிந்து, மிஞ்சிய கொஞ்சம் பேர் பயந்துபோய் எகிப்துக்கு ஓடப் பார்க்கிறார்கள். கடவுள் தடுக்கிறார். இங்கேயே இருந்தால் உங்களைக் கட்டுவேன், இடிக்க மாட்டேன், உங்களை நாட்டுவேன், பிடுங்க மாட்டேன் என்கிறார். மீறிப் போனால், எந்தப் பட்டயத்துக்கும், அதாவது வாளுக்கும், பஞ்சத்துக்கும் பயந்து ஓடுகிறீர்களோ அவை அங்கே வந்து உங்களைப் பிடிக்கும் என்கிறார். அட்டையோ உள்ளங்கை அகலம்கூட இல்லை. கட்டுவேன், நாட்டுவேன் என்கிற நடுத்துண்டை மட்டும் எழுதினேன். இருந்தால் என்பதையும் விட்டேன், போனால் என்பதையும் விட்டேன். அப்போது என் மனதில் கள்ளம் எதுவும் இல்லை, சத்தியமாக.

பக்கத்து வீட்டுக்காரர் கைக்கு வந்தது அந்த அட்டை. எங்களுக்கு வந்தது மேய்ப்பனைப் பற்றிய ஏதோ ஒரு வசனம், இப்போது நினைவில்லை. வீடு திரும்பி நான் புடவைகூட மாற்றவில்லை, அவள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அக்கா, கர்த்தர் பேசிட்டாரு! ஊர்ல எங்கள நாட்டுவேங்கிறாரு. அவங்க நாளைக்கே பேர் குடுக்கப் போறாங்க. நீங்கதான எழுதினீங்க, சொல்லுங்க, சரிதானக்கா?"

உள்ளே என் கணவர் செருமும் சத்தம் கேட்டது. முழுவதையும் சொன்னால் இவர்கள் இருப்பார்கள், நாங்கள் கப்பலேறுவோம். அந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"அதான் தெளிவா இருக்கே, பிள்ளே" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் வயிறு என்மேல் பட்டதும் எனக்கு உடம்பு கூசியது.

வழியனுப்பத் துறைமுகம் வரை போனேன். சாமான்கள் ஏறுவதற்குள் எத்தனையோ நேரம் இருந்தது. வாயைத் திறந்திருக்கலாம். புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து, பத்திரமாகப் போய் வா என்று மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து பயம் என்னோடு குடித்தனம் நடத்தத் தொடங்கியது. ஊரில் காலரா என்று காய்கறி வாங்கும் பாசாரில் யாராவது பேசினால் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிடுவேன். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் வீட்டின் பின்பக்கம் போய்விடுவேன். பொறுக்க மாட்டாமல் ஒருநாள் உபதேசியாரிடம் போய், பொதுவாகச் சந்தேகம் கேட்பது போல, எகிப்துக்குப் போனவர்களைப் பற்றிய அந்த எச்சரிப்பு நமக்கும் பொருந்துமா என்று கேட்டேன்.

"அது யூதாவுல மிஞ்சினவங்களுக்குச் சொன்னதும்மா. திருநெல்வேலிக்காரங்களுக்கு இல்ல" என்று சிரித்தார்.

நிம்மதியாகத்தான் திரும்பினேன். பாதி வழியிலேயே அது போய்விட்டது. மிரட்டல் நமக்கு இல்லை என்றால் வாக்கும் நமக்கு இல்லை. பொருந்தும் என்றால் அவர்களை அழிவுக்கு அனுப்பினேன். பொருந்தாது என்றால் ஒன்றுமில்லாத ஒன்றை நம்பவைத்து அனுப்பினேன். எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி நான். இதற்குமுன் தேசங்களின்மேல் வரும் தீர்ப்பைக் கண்டு பயந்தேன். தேசம் பெரியது, அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். இப்போது ஒளிய இடமில்லாமல் போனது. முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. ஷெட்டில் இன்னொரு பட்டியல் தயாராகிறது என்று பேச்சு அடிபட்ட வாரம் அது. உறையைக் கோணல்மாணலாகக் கிழித்தேன். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அவள் கணவருக்கு அரிசி ஆலையில் வேலை கிடைத்திருந்தது. பட்டயமும் இல்லை, பஞ்சமும் இல்லை. சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். எத்தனை மாதத்து அழுகையோ, நிற்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தேன். "அங்கே மறுபடியும் ஆள் குறைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். உங்களை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே எங்கள் வீட்டோடு ஒட்டிய சாய்ப்பறை ஒன்று காலியாக இருக்கிறது. ஆலையில் உங்கள் வீட்டு அண்ணனுக்கும் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். எதையும் யோசிக்காமல் வந்துவிடுங்கள் அக்கா."

அவள் வீட்டில், அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதை எண்ணிப் பார்த்தேன். பட்டயத்தைவிட, பஞ்சத்தைவிட அந்தச் சாய்ப்பறை எனக்குப் பயமாக இருந்தது.

குழாயடியில் என் கணவர் கைக்கரியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்ற கவலையில் அவர் சரியாகத் தூங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"என்ன எழுதியிருக்கா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"பொம்பளப் பிள்ளையாம். எல்லாரும் சௌக்கியமாம்."

"அவ்வளவுதானா?"

கடிதத்தை மடித்தேன்.

"அவ்வளவுதான்" என்றேன்.