மூன்று குடம் பாலும் ஒரு ஃபில்டரும்

1. திறப்பு விழா

கரிக்கலாம்பாக்கம் பக்கம் ஒரு தனியார் மையத்தில் நான் சீனியர் ஃபிசியோதெரபிஸ்டாக இருந்தபோது, மூட்டுவாதக்காரர்களுக்காக ஹைட்ரோதெரபி குளம் கட்டினார்கள். நெஞ்சளவு வெதுவெதுப்பான தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரம் முட்டியில் இறங்காது. தரையில் ஓரடி வைக்க முடியாதவர்கூட உள்ளே நடப்பார். அவ்வளவுதான் விஷயம். எங்கள் நிர்வாகிக்கு அது போதவில்லை. கும்பாபிஷேகம் மாதிரி செய்ய வேண்டும் என்றார்.

"சார், பால் ஊத்துனா ஃபில்டர் அடைச்சிக்கும்," என்றேன்.

"உனக்கு இன்னாமா தெரியும்? சாமி காரியத்துல வாய வெக்காத."

மூன்று குடம் பால், மஞ்சள், ஒரு கூடை சாமந்தி எல்லாம் உள்ளே போயின. நானும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தப்பில் என் பங்கு அது. சாயங்காலமே மோட்டார் நின்றது. மறுநாள் குளத்துப் பக்கம் போனால் புளித்த மோர் நாற்றம். 'டெக்னீஷியன் வருவார்' என்று போர்டு மாட்டினார்கள். அதை மட்டும் கோணாமல் மாட்டியிருந்தார்கள்.

2. அஞ்சலை

முதல் பேஷண்டாக வர வேண்டியவர் அஞ்சலை. காலமெல்லாம் நாற்று நட்டவர். இரண்டு முட்டியும் வீங்கிக் கிடந்தன.

"கக்கூசுக்குப் போவணும்னாகூட மருமவ கைய புடிச்சிக்கினு போறேன். வெக்கமா கீதுமா. அது ஒண்ணு சரியானா போதும்."

போர்டைப் பார்த்துவிட்டு அவர் கோலை ஊன்றித் தாங்கித் தாங்கித் திரும்பிப் போனார். அவருடைய கொழுந்தனார் வயலில் போர்வெல் தொட்டி இருப்பதாகச் சொல்லியிருந்தார். அதிலேயே பயிற்சி கொடுக்கலாம் என்று மறுநாளே போனேன்.

3. தொட்டி

போர் தண்ணீர் காலையில் வெதுவெதுப்பாகவே விழும். தொட்டி நிரம்பியதும் கரண்ட் மெயினை அணைத்துவிட்டு, சிமெண்ட் கல் அடுக்கிய படியில் அவரை இறக்குவேன். முதல் நாள் நைட்டி உப்பிக்கொண்டு மேலே வந்தது. நடவுக்குச் செருகுவதுபோல் வரிந்து செருகிக்கொண்டார். பக்கவாட்டு நடை, முட்டி தூக்கல் என்று வாரம் மூன்று நாள், இரண்டு மாதம்.

"வலி எங்க பூட்ச்சினே தெர்லமா. மேல ஏறுனாதான் கெழவியாவறேன்."

நிர்வாகிக்குத் தெரிந்து மெமோ வந்தது. "சென்டர் பேஷண்ட்ட வயக்காட்டுல குளிக்க வெச்சா நம்ம மானம் இன்னா ஆவறது?" அஞ்சலை கோல் இல்லாமல் நடக்கிறார் என்று கேள்விப்பட்டதும் மானம் திரும்பி வந்துவிட்டது. அவரைக் காரில் கூட்டிவந்து, வற்றிப்போன குளத்தின் ஓரம் நிறுத்தி வீடியோ எடுத்தார்கள்.

"எங்க குளத்தால எப்டி கொணமாச்சு? சொல்லும்மா," என்றார் நிர்வாகி.

"உங்க கொளத்துல நான் காலே வெக்கல சார். அதான் பொழச்சேன்."

கேமராக்காரர் சிரித்ததில் படம் ஆடிப்போனது. நிர்வாகி என்னை முறைத்தார். அப்பாடா, எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அஞ்சலை பாத்ரூம் எங்கே என்று கேட்டார். பழக்கதோஷம், கையை நீட்டிக்கொண்டு நானும் கூடவே கிளம்பினேன்.

"நீ எங்கமா வர்ற?" என்று கேட்டுவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

சிகிச்சை முடிந்தது என்று கேஸ் ஷீட்டில் அன்றுதான் எழுதினேன். புதிதாக வரும் தெரபிஸ்டுகளுக்குச் சொல்கிறேன்: முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளப்பதற்கு முன்னால், அந்த ஆளுக்கு எங்கே தனியாகப் போக வேண்டும் என்று கேளுங்கள்.