கடலைத் தாளில் பாதிச் செய்தி

மதராஸிலிருந்து வந்த இடத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். பக்கத்தில், கச்சாங் பூத்தே விற்பவர் தட்டைச் சாக்கால் மூடியபடி நிற்கிறார். வறுத்த கடலைக்கு இங்கே அதுதான் பெயர். அவர் தந்த பொட்டலம் ஆங்கிலப் பத்திரிகைத் தாள்.

அதில் ஒரு செய்தி. அமெரிக்காவில் ஒரு மாகாணம் சாலை போடக் கடன் கேட்கிறதாம். இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று அதன் அரசியல் சட்டமே தடுக்கிறதாம். மீறி வாங்க வேண்டுமானால் ஜனங்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டுமாம். இரண்டு தரம் படித்தும் மண்டையில் ஏறவில்லை. படித்ததை அவரிடமே சொல்லிவிடுகிறேன்.

"ஜனங்கன்னா கடல விக்கிறவனும் சேர்த்தியா அண்ணே?"

"இருக்கலாம்."

"இந்த ரோட்டையும் கடன் வாங்கித்தான் அகலமாக்கப் போறாங்களாம். என்னைய இடத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அந்த ஊர் ஜனங்க என்ன சொன்னாங்க? சரின்னாங்களா, வேணாம்னாங்களா?"

பொட்டலத்தை முழுவதும் பிரித்துப் பார்க்கிறேன். சரியாக அந்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. அவர் விடவில்லை. சுற்றி வைத்திருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கடலையைத் தட்டில் கொட்டித் தாளை நீட்டுகிறார். எல்லாம் துணி விளம்பரம், கப்பல் நேரம்.

"போகட்டும். உங்க ஊர்ல இப்படி ஜனங்களக் கேப்பாங்களா அண்ணே?"

மதராஸில் மூன்று தரம் ஓட்டுப் போட்டவன் நான். மூன்று தரமும் யாரை அனுப்பலாம் என்று கேட்டார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டதாக ஞாபகமே இல்லை.

மழை விட்டுவிட்டது. இருவரும் நகராமல் நிற்கிறோம்.