வழியனுப்பப் போன இராசம்மா

இராசம்மாவுக்குப் பினாங்கைச் சுற்றிப் பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. தங்கச்சி வேலாயியிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போகாதே.

எழுபத்திரண்டாம் வருஷம் அது. வேலாயியின் புருஷன் கருப்பையா சிவப்பு அட்டைக்காரன். குடியுரிமை கிடைக்கவில்லை, வேலை பெர்மிட்டும் முடிந்துவிட்டது. பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறியே ஆக வேண்டும். வேலாயி ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவள், குடியுரிமை உள்ள நீல அட்டைக்காரி. அவளை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் அதைப் புருஷன் காதுபடச் சொல்ல முடியுமா? லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் பத்து வீட்டுக்குக் கேட்கும்.

தேயிலைக் காட்டில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வரிசை. யாருடையது முதலில் முடிந்தாலும் மற்றவள் வரிசையில் இறங்கிக் கொழுந்து கிள்ளிக்கொடுப்பாள். அங்கேயும் சுற்றிலும் காதுகள்தான்.

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குக் கடலைக் கடக்கும் ஃபெரியில் சொல்லிவிடலாம் என்று இராசம்மா கணக்குப் போட்டாள். ஏறிப் போகும் லோரியும் சாமான் வைத்த தகரப்பெட்டியும் கீழ்த்தட்டில் இருக்கும். பெட்டியை விட்டுக் கருப்பையா நகர மாட்டான். மேல்தட்டில் அக்காவும் தங்கச்சியும் மட்டும்.

கணக்கு சரி, உடம்புதான் கேட்கவில்லை. பகலெல்லாம் கொழுந்து கிள்ளி, இரவெல்லாம் லோரியில் தாப்பா மலைப்பாதை வளைவுகளில் குலுங்கி வந்த உடம்பு. கடல்காற்று மலைக்காற்றைவிடக் குளிரும் என்று நம்பி, கம்பளிச் சட்டையைக்கூட அவள் கழற்றவில்லை. பட்டர்வொர்த் வெயிலில் அது அவளை அவித்தது. ஃபெரியின் மேல்தட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

"அக்கா, எந்திரி. கரை வந்துருச்சுலா."

தங்கச்சி தோளிலிருந்து தலையைத் தூக்கினால், எதிரே பினாங்கு. கீழேயிருந்து கருப்பையா கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரே கூட்டம், தள்ளுமுள்ளு. பாழாய்ப்போன தூக்கம்!

துறைமுக வாசலில் கருப்பையா பெட்டியோடு முன்னால் போனதும் அவள் சண்டைக்கே போய்விட்டாள். "ஏண்டி, என்னைய ஒரு தட்டு தட்டி எழுப்பக் கூடாதா? ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதானே இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

"தெரியும்க்கா. எழுப்புனா போகாதன்னு சொல்லுவ. நீ சொன்னா நான் நின்னுருவேன். அவரு தனியா போயி யாருகிட்ட சோறு கேப்பாரு?"

இராசம்மா கம்பளிச் சட்டையைக் கழற்றித் தங்கச்சி கையில் திணித்தாள்.

"நாகப்பட்டணத்துல இது எதுக்குக்கா?" என்றாலும் வேலாயி வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் ஃபெரியில் இராசம்மாவுக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காட்டில், அசதி தீராத கையோடு தன் வரிசையை முடித்தவள், பழக்கத்தில் பக்கத்து வரிசையில் இறங்கிவிட்டாள்.

"அக்கா, இது என் வரிசை," என்றாள் அங்கே புதிதாகப் போடப்பட்ட மாரியம்மா.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, இராசம்மா கிள்ளிக்கொடுத்தாள்.